ரெண்டு ரிப்போர்ட், ஒன்பது நாள் இடைவெளி: ஆஸ்பத்திரிக்குள்ள சுத்துற ஸ்டாஃப் கிருமி

போன ஐப்பசி மழையில சித்தப்பாவுக்கு கால்ல புண்ணு வந்துச்சு. சுகர் 18 வருஷமா இருக்கு, பாதத்துல உணர்ச்சி பாதி போயிடுச்சு, வேளச்சேரி பக்கம் தேங்கின தண்ணியில ரெண்டு நாள் நடந்ததுல செருப்பு வார் உரசி கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல்ல தோல் கிழிஞ்சது அவருக்கே தெரியல, பாயில கறை பட்டிருக்கறதப் பார்த்து சித்திதான் கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள சீழ் கட்டிடுச்சு. ஆஸ்பத்திரில சேர்த்தோம் (எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல, இது எங்க நடந்தாலும் இதே கதைதான்), புண்ணைக் கிளீன் பண்ணாங்க, காய்ச்சல் இறங்குச்சு, நாலஞ்சு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்னு பேச்சு. அப்புறம் திடீர்னு எட்டாம் நாள் மறுபடி காய்ச்சல், டிரெஸ்ஸிங் பிரிச்சா புதுசா சீழ். திரும்ப கல்ச்சர் அனுப்பினாங்க, அதாவது சீழை லேப்ல வளர்த்துப் பார்த்து எந்தக் கிருமி, எந்த மருந்து கேக்கும்னு சொல்ற டெஸ்ட்.

ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் ரவுண்ட்ஸ்ல நின்னபடியே "ஸ்டாஃப் வளர்ந்திருக்கு சார், எம்ஆர்எஸ்ஏ, மருந்து மாத்தணும்"னு சொல்லிட்டுப் போயிட்டார். சித்தப்பா என்னைப் பார்த்து "ஏண்டா, ஸ்டாஃப் மேல என்ன கம்ப்ளைன்ட், அந்தப் பொண்ணுங்க நல்லாத்தான பாத்துக்கறாங்க"ன்னார். சிரிப்பு வந்துச்சு. ஆனா அப்புறம் இதைப் பத்தி படிக்கப் படிக்க அவர் சொன்னது முழுசா தப்புன்னும் சொல்ல முடியலன்னு தோணுச்சு, அது எப்படின்னு கடைசில வர்றேன்.

எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, மைக்ரோபயாலஜி லேப்ல டெக்னீசியன், 15 வருஷ சர்வீஸ். அவங்ககிட்ட ரெண்டு ரிப்போர்ட்டையும் வாட்ஸப்ல அனுப்பினேன், சேர்ந்த அன்னைக்கு எடுத்தது ஒண்ணு, ஒன்பது நாள் கழிச்சு எடுத்தது ஒண்ணு. ரெண்டுலயும் கிருமி பேர் ஒண்ணுதான், ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சுருக்கமா ஸ்டாஃப். ஆனா முதல் ரிப்போர்ட்ல பென்சிலினைத் தவிர எல்லா மருந்துக்கும் நேரா 'எஸ்', அதாவது சென்சிட்டிவ், மருந்து கேக்கும். ரெண்டாவதுல நிறைய 'ஆர்', அதாவது ரெசிஸ்டன்ட், மருந்து கேக்காது: செஃபாக்சிட்டின் ஆர், கிளாக்சசிலின் ஆர், அமாக்சிக்ளாவ் ஆர், சிப்ரோ ஆர், எரித்ரோமைசின் ஆர். வான்கோமைசினும் லினசோலிடும் மட்டும் எஸ். நான் என்ன நினைச்சேன்னா, மருந்து குடுத்துக் குடுத்து அதே கிருமி பழகிப்போயி ரெசிஸ்டன்ட் ஆயிடுச்சு போலன்னு. நீங்களும் அப்படித்தான் நினைச்சிருப்பீங்க. அக்கா திருப்பிப் போட்ட வாய்ஸ் மெசேஜ்ல தெளிவா சொன்னாங்க: "அது மாறல தம்பி. இது வேற ஆளு. முதல்ல இருந்தது செத்துப்போயி இது புதுசா வந்து உக்காந்திருக்கு."

இந்த ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தன்னால புரியும், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கிருமி யாருன்னு முதல்ல பாத்துடலாம். 1880கள்ல ஸ்காட்லாந்துல அபர்டீன் ஊர்ல அலெக்சாண்டர் ஆக்ஸ்டன்னு ஒரு சர்ஜன், ஆபரேஷன் பண்ண புண்ணெல்லாம் ஏன் சீழ் பிடிக்குதுன்னு சீழை எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தவர், அதுல குட்டி குட்டி உருண்டைங்க திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கிரேக்கத்துல திராட்சைக் கொத்துக்கு ஸ்டஃபைலேன்னு பேர், அதையே வெச்சுட்டார். அப்புறம் 1884ல ரோசன்பாக்னு ஒரு ஜெர்மன் டாக்டர் அதை வளர்த்துப் பார்த்து, கூட்டம் தங்க நிறத்துல இருக்கறதால ஆரியஸ்னு சேர்த்தார். பேர் அழகுதான்.

இது வெளியில எங்கயோ இருந்து வர்ற அரக்கன் இல்ல. 100 பேரை எடுத்தீங்கன்னா 20லேர்ந்து 30 பேர் மூக்குக்குள்ள, முன்பக்கம், இது சும்மா குடியிருக்கு. அக்குள்ல, தொடை இடுக்குல கூட இருக்கும். ஒரு தொந்தரவும் கிடையாது. தோல் கிழியணும், இல்ல ஊசி வழியா, டியூப் வழியா உள்ள போக ஒரு வழி கிடைக்கணும், அப்பதான் அதோட வேலையக் காட்டும். வேனல் கட்டியிலேர்ந்து எலும்புக்குள்ள சீழ், ரத்தத்துல பரவுறது, இதய வால்வுல போய் ஒட்டிக்கறது வரைக்கும் அதோட ரேஞ்ச் பெருசு. ஆஸ்பத்திரியில என்ன இருக்கு? கிழிஞ்ச தோலும் ஊசியும் டியூப்பும்தான் இருக்கு. ட்ரிப்ஸ் ஏத்த கையில போடுற வென்ஃப்ளான் ஊசி ஒண்ணு போதும் அதுக்கு வாசல்.

அக்கா ஒரு நாள் அவங்க லேப்ல எடுத்த ஃபோட்டோ காட்டினாங்க. வட்டமான பிளேட்டு, அது மேல கிருமியைத் தோசைமாவு தேய்ச்ச மாதிரி ஒரே சீரா பரப்பி, மேல சின்னச் சின்ன வெள்ளை காகித வில்லைங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு மருந்து. 35 டிகிரில ராத்திரி முழுக்க வெச்சுட்டு காலைல எடுத்தா, மருந்து வேலை செஞ்ச இடத்துல வில்லையைச் சுத்தி வெத்து வட்டம் தெரியும், கிருமி வளராத இடம். ஸ்கேல் வெச்சு அந்த வட்டத்தை அளக்கறாங்க. செஃபாக்சிட்டின் வில்லைக்கு வட்டம் 22 மில்லிமீட்டர், இல்ல அதுக்கு மேல இருந்தா சாதா ஸ்டாஃப். 21க்குள்ள இருந்தா எம்ஆர்எஸ்ஏ. அவ்ளோதான், ஒரு மில்லிமீட்டர்ல ஒரு மனுஷனோட அடுத்த ரெண்டு வாரம் மாறுது. அந்த ஃபோட்டோல வில்லை வரைக்கும் மாவு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, வட்டமே கிடையாது.

எம்ஆர்எஸ்ஏன்னா மெத்திசிலின் கேக்காத ஸ்டாஃப்னு அர்த்தம். வேடிக்கை என்னன்னா மெத்திசிலின்ற மருந்தை இப்ப யாரும் யூஸ் பண்றதில்ல, கிட்னியை பாதிக்குதுன்னு எப்பவோ ஓரங்கட்டிட்டாங்க, பேர் மட்டும் நிலைச்சுப் போச்சு. செத்துப்போன தாத்தா பேர்லயே இன்னும் கரண்ட் பில் வர்ற மாதிரி.

சரி, எப்படி தப்பிக்குது? கிருமிக்கு வெளிய ஒரு சுவர் இருக்கு. வளர வளர சுவரைக் கட்டிக்கிட்டே இருக்கணும், கட்டலன்னா வெடிச்சு சாகும். சுவர் கட்டறதுக்குன்னு அதுக்குள்ள சில புரோட்டீன்கள் இருக்கு, கொத்தனாருங்கன்னு வெச்சுக்கங்க. பென்சிலின், அமாக்சிசிலின், செஃபலெக்சின், செஃபிக்சிம் இந்தக் குடும்பம் மொத்தமும் பண்றது ஒரே வேலை, கொத்தனார் கையில விலங்கு மாட்டறது. கிருமி முதல்ல கண்டுபிடிச்ச தந்திரம், விலங்கை வெட்ட ஒரு கத்தரி. பென்சிலினேஸ்னு பேரு. அதுக்கு நாம என்ன பண்ணோம், ரெண்டு வழி, ஒண்ணு கத்தரிக்கு மசியாத விலங்கு செஞ்சோம், அதுதான் மெத்திசிலின், கிளாக்சசிலின். இன்னொண்ணு கத்தரியையே கட்டிப் போடற ஆளைக் கூட அனுப்பினோம், அமாக்சிக்ளாவ்ல 'கிளாவ்'னு வர்றது அதுதான். எம்ஆர்எஸ்ஏ இந்த ரெண்டையும் தூக்கிச் சாப்பிட்டுடுச்சு, எப்படின்னா மெக்-ஏன்னு ஒரு ஜீனை வேற ஸ்டாஃப் இனத்துலேர்ந்து வாங்கி வெச்சுக்கிட்டு ஒரு புதுக் கொத்தனாரையே இறக்கிடுச்சு, அந்தாளோட மணிக்கட்டுல இந்த விலங்கெல்லாம் மாட்டாது. அதனாலதான் எம்ஆர்எஸ்ஏக்கு அமாக்சிக்ளாவ் டோஸைக் கூட்டிக் குடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. விலங்கே மாட்டாத இடத்துல கத்தரியைக் கட்டிப்போட்டு என்ன ஆகப் போகுது.

வரலாறைப் பாத்தா மனுஷன் ஒரு அடி வெச்சா கிருமி ஒன்றரை அடி வெச்சிருக்கு. 1928ல லண்டன்ல ஃபிளெமிங் பென்சிலினைக் கவனிச்சதே இந்த ஸ்டாஃப் பிளேட்டுல பூஞ்சை விழுந்துதான். 1941ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு போலீஸ்காரருக்கு முகம் பூரா சீழ், ஸ்டாஃபும் இன்னொரு கிருமியும் சேர்ந்து, அவருக்குத்தான் முதல்முறையா நோய்க்குன்னு பென்சிலின் ஏத்தினாங்க, நாலஞ்சு நாள்ல எழுந்து உக்காந்துட்டார், ஆனா கையிருப்பு தீர்ந்துடுச்சு, அவர் யூரின்லேர்ந்து மருந்தைத் திரும்பப் பிரிச்செடுத்து ஏத்தியும் பத்தல, இறந்துட்டார். அடுத்த வருஷமே பென்சிலினுக்கு மசியாத ஸ்டாஃபைப் பத்தி ரிப்போர்ட் வந்துடுச்சு. 1950கள்ல பெரிய ஆஸ்பத்திரிங்கள்ல கிடைக்கற ஸ்டாஃப்ல பெரும்பாலும் கத்தரி வெச்சிருக்கறதுதான். 1945ல நோபல் வாங்கின மேடையிலயே ஃபிளெமிங் எச்சரிச்சார், கொஞ்சமா மருந்து குடுத்துப் பழக்கினா கிருமி தப்பிக்கக் கத்துக்கும்னு.

1959ல மெத்திசிலின் வந்துச்சு. 1961லயே லண்டன் கோலிண்டேல் லேப்ல பேட்ரிஷியா ஜெவன்ஸ் அதுக்கும் மசியாத ஸ்டாஃபை ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. ரெண்டு வருஷம்! அதுவும் மெத்திசிலினையே பார்க்காத ஆளுங்ககிட்டயும் இருந்துச்சு. இது எப்படி சாத்தியம்னு ரொம்ப நாள் குழப்பம். 2017ல அந்தப் பழைய சாம்பிள்களோட ஜீனோமை மொத்தமா படிச்சப்பதான் விடை கிடைச்சுது: மெக்-ஏ ஜீன் 1940கள்ல நடுவுலயே, அதாவது மெத்திசிலின் பொறக்கறதுக்கு பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடியே ஸ்டாஃபுக்குள்ள வந்துடுச்சு. பென்சிலினை இஷ்டத்துக்கு உபயோகிச்ச காலத்துலயே அந்தக் கொத்தனார் வேலைக்கு சேர்ந்துட்டாரு. நாம எந்த மருந்துக்கு எந்த ரெசிஸ்டன்ஸ் வரும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம், அது கணக்குக்குள்ள அடங்கறதில்ல.

இப்ப அக்கா சொன்ன "வேற ஆளு" விஷயத்துக்கு வர்றேன். ஒரு மனுஷன் உடம்புக்குள்ள சாதா ஸ்டாஃப் ஒன்பது நாள்ல மெக்-ஏவை எங்கேர்ந்தோ வாங்கி, சிப்ரோவுக்கும் எரித்ரோமைசினுக்கும் சேர்த்து எதிர்ப்பு உண்டாக்கிக்கறது நடக்கற காரியமே இல்லன்னு சொல்லலாம். ஏற்கனவே எல்லாத்தையும் கையில வெச்சிருக்கற ஒரு வம்சம், குளோன்னு சொல்வாங்க, ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு பெட்லேர்ந்து இன்னொரு பெட்டுக்குப் போகுது. உலகம் பூரா ஆஸ்பத்திரில நடக்கற எம்ஆர்எஸ்ஏ பரவல்ல பெரும் பங்கு இப்படி ஒரு சில வம்சங்களோட ஊர்வலம்தான். 1990கள்ல இங்கிலாந்து ஆஸ்பத்திரிங்களைப் பிடிச்சு ஆட்டின இஎம்ஆர்எஸ்ஏ-15ங்கற வம்சம் இந்தியாவுலயும் நல்லா வேர் விட்டிருக்கு. பதிலுக்கு நம்ம பக்கத்துலேர்ந்து கிளம்பிப்போன ஒண்ணும் இருக்கு, அதுக்கு ஆராய்ச்சிக்காரங்க வெச்ச பேரே வங்காள விரிகுடா குளோன். இந்தியத் துணைக்கண்டத்துல உருவாகி, ஏகப்பட்ட மருந்துக்கு எதிர்ப்பைச் சேர்த்துக்கிட்டு, இங்கேர்ந்து போறவங்க வர்றவங்களோட ஐரோப்பா வரைக்கும் போயிருக்கு, ஆஸ்பத்திரிக்கு வெளியவும் பரவக்கூடியது. மெரினாவுல நின்னு பாக்கற கடலோட பேரு ஒரு கிருமிக்கு!

எதுல ஏறிப் போகுது? காத்துலன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பெரும்பாலும் கையில. ஒரு பேஷன்ட்டோட டிரெஸ்ஸிங்கைத் தொட்ட கை, பிபி பார்க்கற பட்டி, ஸ்டெதஸ்கோப், பெட் ஓரத்துக் கம்பி, ட்ரிப்ஸ் ஸ்டாண்டு, டாக்டரோட ஃபோன். காய்ஞ்ச பரப்புல கூட இது நாள்கணக்கா, வாரக்கணக்கா உசுரோட கிடக்கும். சித்தப்பா பெட்டுக்கு ஒரு நாள் முழுக்க உக்காந்து நான் சும்மா கவனிச்சேன், அட்டெண்டர் பாஸ் வெச்சுக்கிட்டு வேற என்ன வேலை. காலைல ஆறு மணிக்கு சுகர் குத்த ஒருத்தர், பிபிக்கு ஒருத்தர், ஊசி போட ஒருத்தர், டிரெஸ்ஸிங் வண்டியோட ஒருத்தர், பெட்ஷீட் மாத்த ஆயாம்மா, டாக்டரும் பின்னாடி நாலு ஜூனியர் டாக்டருங்களும், பிஸியோ, மதியம் திரும்ப சுகர். வார்டு வாசல்ல ஜெல் பாட்டில் மாட்டியிருந்துச்சு. அமுக்கிப் பார்த்தேன், காத்துதான் வந்துச்சு.

இதுல அவங்களைத் திட்டி எழுதறது சுலபம், ஆனா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. கை கழுவ வேண்டிய தருணம் ஐஞ்சுன்னு உலக சுகாதார நிறுவனம் வகுத்து வெச்சிருக்கு, பேஷன்ட்டைத் தொடறதுக்கு முன்னாடி, சுத்தமான வேலைக்கு முன்னாடி, ரத்தம் சீழ் மாதிரி எதையாவது தொட்ட பின்னாடி, பேஷன்ட்டைத் தொட்ட பின்னாடி, அவரைச் சுத்தி இருக்கற பொருளைத் தொட்ட பின்னாடி. சோப்பு தண்ணில முறையா கழுவ 40லேர்ந்து 60 நொடி. ஒரு சிஸ்டருக்கு ஒரு ஷிஃப்ட்ல 100 தடவை இந்தத் தருணம் வருதுன்னு வெச்சா, சிங்க் கிட்ட நிக்கறதே ஒரு மணி நேரத்துக்கு மேல, நடந்து போற நேரம் தனி. 15 பெட்டுக்கு ஒரு சிஸ்டர் இருக்கற ராத்திரி ஷிஃப்ட்ல இது நடக்குமா? நடக்காது. அதனாலதான் ஆல்கஹால் ஜெல், 20லேர்ந்து 30 நொடி, ஒவ்வொரு பெட் கால்மாட்டுலயும் ஒரு பாட்டில். ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில டிடியே பிட்டேன்னு ஒரு டாக்டரோட டீம் இதைத்தான் செஞ்சுது: 1994ல 48 சதவீதமா இருந்த கை சுத்தம் 1997ல 66 சதவீதமாச்சு, ஆஸ்பத்திரில தொத்தற நோய் 16.9 சதவீதத்துலேர்ந்து 9.9க்கு இறங்குச்சு, எம்ஆர்எஸ்ஏ பரவறது பாதிக்கு மேல குறைஞ்சுது. கவனிங்க, 66தான், 100 இல்ல. முழுசா சுத்தமாகணும்னு கூட இல்ல, கொஞ்சம் ஏறினாலே சங்கிலி அறுபட ஆரம்பிக்குது.

சித்தப்பா தெரியாம அடிச்ச ஜோக் இப்ப புரியுதா.

அப்போ ஆன்டிபயாடிக்குக்கு இதுல பங்கே இல்லையான்னா, இருக்கு, ஆனா நாம நினைக்கற விதத்துல இல்ல. தாம்பரம் பஸ்ஸை நினைச்சுக்கங்க. உள்ள உக்காந்திருக்கறது நம்ம சாதா ஸ்டாஃபும் இன்னும் ஆயிரம் நல்ல பாக்டீரியாவும். பவர்ஃபுல்லான மருந்து குடுத்ததும் எல்லாரும் இறங்கிடறாங்க, சீட் காலி. அடுத்த ஸ்டாப்ல ஒரு கை வழியா எம்ஆர்எஸ்ஏ ஏறுது, மருந்து அதை ஒண்ணும் பண்ணாது, சௌகரியமா ஜன்னல் சீட்டுல உக்காந்துக்குது. கையும் மருந்தும் சேரணும், ஒண்ணு இல்லாம ஒண்ணு அவ்வளவு ஓடாது. வைரஸ் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப்ல "அண்ணா, அசித் மூணு குடுங்க"ன்னு வாங்கிப் போட்டுக்கறப்பவும் இதே கதை, அந்த மாத்திரை வைரஸை ஒண்ணும் பண்ணாது, ஆனா உங்க மூக்குல சும்மா இருந்த ஸ்டாஃபுக்கு ஓசியில பயிற்சி வகுப்பு நடத்திட்டுப் போகும்.

கோர்ஸை முடிக்கலன்னா ரெசிஸ்டன்ஸ் வரும்னு எல்லா இடத்துலயும் போஸ்டர் ஒட்டறாங்க, அதுல எனக்கு ஒரு மனக்குறை உண்டு. தப்பு மொத்தத்தையும் பேஷன்ட் தலைல கட்டற மாதிரி இருக்கு. 2017ல ஒரு பிரிட்டிஷ் மெடிக்கல் பத்திரிகையில டாக்டருங்களே எழுதினாங்க, நிறைய சாதாரண நோய்க்கு தேவைக்கு மேல நாள் நீட்டிக் குடுக்கறதுதான் ரெசிஸ்டன்ஸை வளர்க்குதுன்னு. அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, ஸ்டாஃப் ரத்தத்துல கலந்துட்டா குறைஞ்சது 14 நாள் மருந்து ஏறணும், அதுல விளையாட்டு கிடையாது. எத்தனை நாள்னு டாக்டர்கிட்ட கேளுங்க, தேவையான்னும் கேளுங்க, அவ்வளவுதான்.

நம்ம நாட்டுல எவ்வளவுன்னு பாத்தா, 2008லயும் 2009லயும் 15 பெரிய ஆஸ்பத்திரிங்க சேர்ந்து 26,310 ஸ்டாஃப் சாம்பிளைப் பார்த்தாங்க, எம்ஆர்எஸ்ஏ முதல் வருஷம் 42 சதவீதம், அடுத்த வருஷம் 40. இந்த மாதிரி நம்பரைப் படிக்கறப்ப ஒரு ஜாக்கிரதை வேணும், நாப்பது சதவீதம் பேருக்கு எம்ஆர்எஸ்ஏன்னு அர்த்தம் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து கல்ச்சர்ல ஸ்டாஃப் வளர்ந்தவங்கள்ல நூத்துக்கு நாப்பதுன்னு அர்த்தம், ஏற்கனவே நாலு இடத்துல மருந்து சாப்பிட்டுட்டு வந்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் கல்ச்சரே அனுப்புவாங்க, அதனால கொஞ்சம் மிகையாவே தெரியும். உலக அளவுல 2019ல எம்ஆர்எஸ்ஏவால மட்டும் நேரடியா ஒரு லட்சத்துக்கு மேல இறந்தாங்கன்னு 2022ல லான்செட்ல ஒரு மதிப்பீடு வந்துச்சு.

சித்தப்பாவுக்கு வான்கோமைசின் ஆரம்பிச்சாங்க. 1950கள்ல போர்னியோ காட்டு மண்ணுலேர்ந்து எடுத்த மருந்து, 1958லேர்ந்து புழக்கத்துல இருக்கு, பெரிய மாலிக்யூல், வாயில குடிச்சா குடல்லேர்ந்து ரத்தத்துக்கு ஏறாது, அதனால ட்ரிப்ஸ்லதான் ஏத்தணும், அதுக்காகவே பெட்டுல இருக்கணும், பெட்டுல இருக்கற ஒவ்வொரு நாளும் இன்னொரு கிருமிக்கு சான்ஸ். முதல் டோஸ் பாதி ஏறறப்ப சித்தப்பாவுக்கு கழுத்தும் முகமும் செவ்வாழைப்பழம் மாதிரி சிவந்து அரிப்பு எடுத்துடுச்சு, சித்தி கத்தினதுல சிஸ்டர் ஓடி வந்து சொட்டை நிறுத்திட்டாங்க. அலர்ஜின்னு நாங்க பயந்தோம், அலர்ஜி இல்ல, வேகமா ஏத்தினா அப்படி ஆகும், குறைஞ்சது ஒரு மணி நேரம் ஓட்டணும், மறுநாள்லேர்ந்து ரெண்டு மணி நேரமா மெதுவா விட்டாங்க, ஒண்ணும் வரல. கூடவே ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கிரியேட்டினின், கிட்னிக்காக. சுகர்காரருக்கு அது வேற கவலை.

வான்கோமைசினுக்கும் தண்ணி காட்டற ஸ்டாஃப் உண்டு. 1990கள் கடைசில ஜப்பான்லேர்ந்து அரைகுறையா எதிர்க்கறது வந்துச்சு, சுவரையே தடிமனாக் கட்டிக்கற வகை. 2002ல அமெரிக்காவுல மிஷிகன்ல முழுசா எதிர்க்கற ஒண்ணு, அது குடல்ல இருக்கற என்டெரோகாக்கஸ்கிட்டேர்ந்து ஜீன் கடன் வாங்கினது. நல்லவேளை அது இன்னி வரைக்கும் பெருசா பரவல. லினசோலிட் மாத்திரையாவே இருக்கறதால வீட்டுக்கு அனுப்ப வசதி, சித்தப்பாவை அதுலதான் டிஸ்சார்ஜ் பண்ணாங்க, காலைல 600 ராத்திரி 600. ஆனா ரெண்டு வாரம் தாண்டினா பிளேட்லெட் குறையுதான்னு பாக்கணும். இன்னொரு விஷயம், மருந்துக்கு மசியாத டிபிக்கு இப்ப குடுக்கற கூட்டு மருந்துல லினசோலிட் ஒரு முக்கியமான தூண், நம்ம சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையம் இருக்கற ஊர்ல இதைச் சொல்லியே ஆகணும், காலு வீங்குச்சு கட்டி வந்துச்சுன்னு கண்டபடி லினசோலிட் எழுதறது அந்தத் தூணை அரிக்கற வேலை.

சென்னைக்கு இந்த விஷயத்துல ஒரு தனி இடம் உண்டு. 2010ல உலகத்தையே அலற வெச்ச என்டிஎம்-1 கட்டுரை (நியூ டெல்லி பேரை வெச்ச ஒரு ரெசிஸ்டன்ஸ் சமாச்சாரம், பவர்ஃபுல் மருந்தையும் முறிக்கறது, அது ஸ்டாஃப் இல்ல, குடல் பாக்டீரியாங்க) மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளரை முதல் ஆசிரியராப் போட்டு வந்துச்சு. நம்ம ஊரு பேரைக் கெடுக்கறாங்கன்னு அப்ப ஒரே சண்டை. அப்புறம் 2012 ஆகஸ்ட்ல நாட்டுல இருக்கற டாக்டர் சங்கங்க பல இங்க ஒண்ணா உக்காந்து ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸைக் கட்டுப்படுத்த சென்னை பிரகடனம்னு ஒண்ணு போட்டாங்க, டாக்டர் அப்துல் கஃபூர் அதுல முன்னால நின்னவர். நடக்கக்கூடியதை மட்டும் கேப்போம்னு அதுல ஒரு நிதானம் இருந்துச்சு, எனக்குப் பிடிச்சதும் அதுதான். 2014 மார்ச்லேர்ந்து ஷெட்யூல் எச்1னு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாத மருந்துங்களோட ஒரு பட்டியல் அமலுக்கு வந்துச்சு, 46 மருந்து, அதுல 24 ஆன்டிபயாடிக், கடைக்காரர் பேஷன்ட் பேர், டாக்டர் பேரோட தனி ரிஜிஸ்டர்ல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். உங்க பேரை அந்த நோட்டுல யாராவது எழுதிப் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல.

ஆனா எம்ஆர்எஸ்ஏவுல நான் நம்பிக்கை இழக்கல, காரணம் இங்கிலாந்து. 2003-04ல அங்க ஒரு வருஷத்துல 7,700 பேருக்கு ரத்தத்துல எம்ஆர்எஸ்ஏ. அரசாங்கம் 2004ல டார்கெட் வெச்சுது, பாதியாக் குறைக்கணும்னு, அதைவிட முக்கியமா ஒவ்வொரு ஆஸ்பத்திரியோட எண்ணிக்கையும் பேரைப் போட்டு வெளிய வந்துச்சு. ஃபுல் ஸ்லீவ் வெள்ளைக் கோட்டும் வாட்ச்சும் போச்சு, முழங்கைக்குக் கீழ ஒண்ணும் கூடாது, சேர்றப்பவே மூக்குல ஸ்வாப், டியூப் போட்டா எப்ப எடுக்கணும்னு கணக்கு. பத்து வருஷத்துக்குள்ள ஆயிரத்துச் சொச்சமா இறங்கிடுச்சு. புது மருந்து கண்டுபிடிச்சு சாதிச்சதில்ல இது, எண்ணிப் பாத்து சாதிச்சது. நெதர்லாந்து அதுக்கும் முன்னாடியே தேடிப் பிடிச்சு ஒழிக்கற பாலிசில எம்ஆர்எஸ்ஏவை ரொம்பக் கம்மியாவே வெச்சிருக்கு. நம்ம ஊர்ல ரூம் வாடகை, ஏசி, கேன்டீன் மெனு எல்லாம் விசாரிச்சுட்டு சேர்றோம், இந்த ஒரு நம்பர் நம்ம கைக்கு வர்றதே இல்ல, கேட்டாலும் நம்மள ஒரு மாதிரி பாக்கறாங்க.

சித்தப்பாவுக்கு அந்த ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. மீதி கால் தப்பிச்சுது. மொத்தம் 31 நாள்.

இப்ப சித்திக்கு மூட்டு மாத்து ஆபரேஷன், தை மாசம் தேதி குறிச்சிருக்கு, வேற ஆஸ்பத்திரி. சர்ஜன்கிட்ட நான் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், ஆபரேஷனுக்கு முன்னாடி மூக்குல ஸ்வாப் எடுப்பீங்களா சார்னு. நெதர்லாந்துல பண்ணி 2010ல வெளியான ஒரு ட்ரையல்ல, மூக்குல ஸ்டாஃப் இருக்கறவங்களைக் கண்டுபிடிச்சு ஐஞ்சு நாள் முபிரோசின் ஆயின்ட்மென்ட்டும் குளோர்ஹெக்சிடின் சோப்பு குளியலும் குடுத்தப்ப ஆஸ்பத்திரியில வர்ற ஸ்டாஃப் தொற்று 7.7 சதவீதத்துலேர்ந்து 3.4க்கு இறங்கியிருக்கு, அதை மனசுல வெச்சுத்தான் கேட்டேன். "இதெல்லாம் யாரு சொன்னா உங்களுக்கு"ன்னு சிரிச்சுட்டு, திட்டாம எழுதிக் குடுத்தார். ரெண்டு நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்துச்சு: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது, மெத்திசிலின் சென்சிட்டிவ். சித்தி கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சுட்டு, "இருக்குன்னு போட்டிருக்கு, எஸ்ஸுன்னும் போட்டிருக்கு, அப்ப நான் பயப்படணுமா வேணாமா"ன்னாங்க. வேணாம் சித்தி, ஐஞ்சு நாள் மூக்குல இந்த ஆயின்ட்மென்ட்டைப் போடுங்கன்னு டியூபைக் கையில குடுத்தேன். "மூக்குலயா, முட்டியிலயா?"ன்னு திரும்பக் கேட்டாங்க.